நிபந்தனை போடுபவர் யார்? ஹைதராபாத் வேலைச் சந்தையும் விண்ணப்பம் படிக்கும் மென்பொருளும்

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் பெற்று, அவற்றிலுள்ள செய்திகளைப் பிரித்தெடுத்துத் தரவுத்தளத்தில் சேர்த்து, நேர்காணல் முதல் பணி நியமனக் கடிதம் வரை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று கணக்கு வைத்திருக்கும் மென்பொருளை ஆள்சேர்ப்புத் துறையினர் ஏ.டி.எஸ். என்று அழைக்கின்றனர். அலுவலகச் சிப்பந்தியின் சுமையைக் குறைப்பதற்காகப் பிறந்த இந்தக் கருவிக்கு, ஹைதராபாத்தின் அமீர்பேட்டையில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் கணினிப் பயிற்சி நிலையங்களின் பேச்சில் வேறொரு உருவம் வாய்த்திருக்கிறது. ஜாவாவும் டேட்டா சயின்ஸும் கற்க வந்து, சுற்றுவட்டாரத்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு அது மனிதக் கண்ணே படாமல் விண்ணப்பத்தைக் குப்பையில் தள்ளிவிடும் எந்திரமாகத் தெரிகிறது. அந்த எந்திரத்திடம் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் வாங்கும்படி தன்விவரக் குறிப்பைத் தயாரித்துத் தருவது இணையத்திலும் வெளியிலும் தனியொரு வியாபாரமாகவே நடக்கிறது. மென்பொருள் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று தெரிந்துகொண்டால் இந்த அச்சத்தில் பாதி கழன்றுவிடும். மீதிப் பாதி நியாயமானதுதான். ஆனால் அதற்குக் காரணம் மென்பொருள் என்பதைவிட, அதற்குள் நிபந்தனைகளைப் பதித்து வைக்கும் மனிதர்கள் என்பதே பொருத்தம்.

விண்ணப்பத்தைக் கணினியிடம் படிக்கக் கொடுக்கும் யோசனை புதியதல்ல. 1980களின் இறுதியில், தாளில் வந்த விண்ணப்பங்களை வருடியால் படமாக்கி, அதிலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு தேடத்தக்க வடிவில் சேமித்துத் தரும் ரெஸ்யூமிக்ஸ் என்ற மென்பொருள் கலிபோர்னியாவில் உருவாயிற்று. அக்காலத்துத் தென்னிந்தியாவில் புதன்கிழமை 'தி இந்து' நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் பார்த்து, தட்டச்சு செய்த பயோடேட்டாவைத் தபாலில் அனுப்புவதே வழக்கமாக இருந்தது. 1997இல் நௌக்ரி இணையதளம் தொடங்கப்பட்டதும், 1998 நவம்பரில் ஹைதராபாத்தின் மாதாப்பூர் பகுதியில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாயி திறந்துவைத்ததும் அந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்த இரு நிகழ்வுகள் எனலாம். விண்ணப்பிக்கும் செலவு தபால்தலையிலிருந்து ஒரு சொடுக்காகக் குறைந்தபோது விண்ணப்பங்களின் எண்ணிக்கை பெருகியது. அவற்றைப் படிக்கும் மனிதர்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகவில்லை.

இன்று ஹைடெக் சிட்டியிலும் கச்சிபௌலியிலும் நானக்ராம்கூடாவிலும் இயங்கும் பன்னாட்டு நிறுவனங்களின் கிளைகள் பலவும், தாய் நிறுவனம் உலகெங்கும் பயன்படுத்தும் அதே மென்பொருள் வழியாகவே ஆள் எடுக்கின்றன. 2012இல் ஆரக்கிள் வாங்கிய டாலியோ, அதே ஆண்டில் எஸ்.ஏ.பி. வசமான சக்சஸ்ஃபேக்டர்ஸ், வொர்க்டே ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. உள்நாட்டுத் தயாரிப்புகளும் உண்டு. ஹைதராபாத்தில் 2015இல் தொடங்கிய டார்வின்பாக்ஸ், ஆள்சேர்ப்பு உட்பட மனிதவளப் பணிகள் அனைத்தையும் கவனிக்கும் மென்பொருளை விற்று 2022இல் நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனங்களின் வரிசையில் இடம்பெற்றது. தமிழகத்தின் ஜோஹோவும் ஆள்சேர்ப்புக்கென்றே ஒரு மென்பொருளை வைத்திருக்கிறது. ஆக, 'ஏ.டி.எஸ்.' என்று ஒற்றை எந்திரம் எங்கும் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் படிக்கிறது, ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒவ்வொரு விதமாக அமைத்துக்கொள்கிறது. இணையத்தில் கிடைக்கும் 'ஏ.டி.எஸ். மதிப்பெண்' கருவிகள் காட்டும் எண், அந்தக் கருவியை எழுதியவரின் கணக்கே தவிர, விண்ணப்பத்தைப் பெறும் நிறுவனத்தின் கணக்கு அன்று.

மென்பொருள் முதலில் செய்யும் வேலை, கோப்பிலிருந்து வெறும் எழுத்தை உருவி எடுப்பது. இங்கேதான் விண்ணப்பதாரரின் கையில் உண்மையிலேயே உள்ள பிழைகள் நிகழ்கின்றன. பி.டி.எஃப். கோப்பு என்பது அடிப்படையில் எந்த எழுத்து வடிவத்தைத் தாளின் எந்த இடத்தில் பதிக்க வேண்டும் என்ற கட்டளைகளின் தொகுப்பு. இந்தப் பத்தி முடிந்தபின் அந்தப் பத்தியைப் படி என்ற வரிசை அதில் இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை. வண்ண வார்ப்புருக்களில் பிரபலமான இரு பத்தி அமைப்பில், இடப்பக்கம் 'திறன்கள்' என்ற தலைப்பின் கீழ் ஜாவா, ஸ்பிரிங் பூட், எஸ்.க்யூ.எல். என்று வரிசையாகவும், வலப்பக்கம் 'பணி அனுபவம்' என்ற தலைப்பின் கீழ்ப் பதவி, காலம், ஊர் என்று வரிசையாகவும் இருப்பதாகக் கொண்டால், குறுக்காகப் படிக்கும் மென்பொருளுக்குக் கிடைப்பது இதுதான்: 'திறன்கள் பணி அனுபவம் ஜாவா மென்பொருள் பொறியாளர் ஸ்பிரிங் பூட் ஜூன் 2021 – மார்ச் 2024 எஸ்.க்யூ.எல். ஹைதராபாத்'. மனிதக் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த பக்கம் இவ்வாறு கூட்டாஞ்சோறாகிவிட்ட பிறகு, ஏறத்தாழ மூன்றாண்டு அனுபவம் எந்தப் பதவிக்குரியது என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் வேண்டும்.

திறன்களின் அளவைக் காட்டும் வட்டங்களும் நட்சத்திரங்களும் எழுத்தாகவே வருவதில்லை. தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வேர்டு கோப்பின் தலைப்பகுதியில் வைத்தால், அந்தப் பகுதியைச் சில மென்பொருள்கள் படிக்காமல் விட்டுவிடுகின்றன. கைப்பேசியில் படமெடுத்துப் பி.டி.எஃப். ஆக்கிய பக்கத்தில் எழுத்தென்று எதுவுமே இல்லை. இவற்றினும் நுட்பமான ஒரு கோளாறு உண்டு. சில எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் எஃப், ஐ ஆகிய இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக வரைகின்றன. அந்த ஒட்டெழுத்து எந்த எழுத்துகளுக்கு உரியது என்ற குறிப்பு கோப்பில் சரியாக இல்லையென்றால், 'செர்டிஃபைட்' என்ற சொல் நடுவில் ஓட்டை விழுந்து வந்து சேரும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடு மட்டுமே உள்ள கணினியில் திறந்து, தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்த அனுபவம் தமிழர்களுக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் வடிவமும் உள்ளே பதிந்திருக்கும் குறியீடும் வேறு வேறு என்பதே இரண்டிலும் நடப்பது. இதைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்து எந்தக் கருவியையும் வாங்க வேண்டியதில்லை. பி.டி.எஃப். கோப்பில் உள்ள அனைத்தையும் தேர்ந்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டினால், மென்பொருளுக்குப் பெரும்பாலும் எது தெரியப்போகிறதோ அது கண்முன் வந்துவிடும்.

எழுத்து கிடைத்த பிறகு, அதில் பெயர் எது, கல்லூரி எது, நிறுவனம் எது, தேதி எது என்று பகுத்து உரிய கட்டங்களில் நிரப்பும் பணி தொடங்குகிறது. இதைச் செய்யும் நிரலுக்குப் பார்சர் என்று பெயர். பார்சர்கள் பழகிய உலகத்தின் வழக்கங்களையே எதிர்பார்க்கும். 'பணி அனுபவம்', 'கல்வி', 'திறன்கள்' என்ற பழைய தலைப்புகளை ஆங்கிலத்தில் உள்ளபடி எழுதினால் புரிந்துகொள்ளும். 'என் பயணம்' என்று புதுமையாகத் தலைப்பிட்டால் தடுமாறும். தேதியை வெறும் எண்களால் எழுதினால், மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க முறைக்கும் நாளை முதலில் வைக்கும் இந்திய முறைக்கும் இடையே குழப்பம் வருமாதலால், மாதத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுவதே பாதுகாப்பானது.

தமிழர்களுக்கே உரிய தொல்லை பெயரில் இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததன் தொடர்ச்சியாக, தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே கொண்டு வாழும் மக்கள், முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரு கட்டங்களையும் கட்டாயமாக்கும் படிவத்தின்முன் திகைக்கிறார்கள். ஒரு விண்ணப்பத்தில் முதலெழுத்தையும், இன்னொன்றில் தந்தையின் முழுப்பெயரையும், மூன்றாவதில் தன் பெயரையே மறுபடியும் கடைசிப்பெயராக இட்டுவிட்டால், ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகும் வாய்ப்பும், பின்னர் ஆதார், பான் அட்டைகளோடு ஒப்பிடும்போது சிக்கலும் உண்டு. இன்டி பேரு எனப்படும் குடும்பப்பெயரை முன்னால் வைக்கும் தெலுங்கர்களும் இதே படிவத்தால் தலைகீழாக்கப்படுகிறார்கள் என்பது சற்று ஆறுதல். பான் அட்டையில் உள்ள வடிவத்தைத் தேர்ந்துகொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதுவதே நடைமுறைத் தீர்வு. பட்டத்தின் பெயரிலும் இத்தகைய வேறுபாடு உண்டு: அண்ணா பல்கலைக்கழகமும் ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகமும் கணினிப் பொறியியலுக்கு பி.இ. பட்டம் தர, அதே ஹைதராபாத்தின் ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பி.டெக். தருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி வடிகட்டியை அமைக்கத் தெரிந்தவர் அமைத்தால் சரி.

இவ்வாறு நிரப்பப்பட்ட தரவுத்தளத்தில் ஆள்சேர்ப்பாளர் தேடுகிறார். இந்தியாவில் இதற்கு மிகப் பழகிய களம், நௌக்ரி நிறுவனம் ஆள்சேர்ப்பாளர்களுக்குச் சந்தா முறையில் தரும் ரெஸ்டெக்ஸ் என்ற விண்ணப்பக் களஞ்சியம். 'ஜாவா'வும் வேண்டும், 'ஸ்பிரிங் பூட்' அல்லது 'மைக்ரோசர்வீசஸ்' வேண்டும், 'டெஸ்டிங்' கூடாது என்பதுபோல் 'மற்றும்', 'அல்லது', 'இல்லாத' என்ற தருக்கச் சொற்களால் கோத்த கட்டளையைக் கொடுத்து, அனுபவ ஆண்டுகள், தற்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார் என்பவற்றால் மேலும் குறுக்குகிறார். ஹைதராபாத் ஆள்சேர்ப்பாளர்களின் அன்றாடப் பேச்சில், உடனே வேலையில் சேரக்கூடியவரைக் குறிக்கும் 'இம்மீடியட் ஜாய்னர்' என்ற சொல் அடிபடும் அளவுக்கு வேறெதுவும் அடிபடுவதில்லை. தொண்ணூறு நாள் நோட்டீஸ் உள்ள திறமைசாலி, பதினைந்து நாள் என்று வடிகட்டிய திரையில் தோன்றவே மாட்டார். அவரை மென்பொருள் நிராகரித்தது என்று சொல்வது, பூட்டியவரை விட்டுப் பூட்டைக் குறை சொல்வதாகும்.

விண்ணப்பங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்தை மென்பொருளே நிராகரித்துவிடுகிறது என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்குக்கு நம்பத்தக்க ஆய்வு எதுவும் அடிப்படையாகக் காட்டப்படவில்லை. மனிதத் தலையீடின்றி உடனடியாக நிராகரிப்பு நிகழ்வது பெரும்பாலும் விண்ணப்பத்தோடு கேட்கப்படும் ஆம்–இல்லைக் கேள்விகளால்தான். இரவுப் பணிக்குச் சம்மதமா, ஹைதராபாத்துக்கு இடம்பெயர முடியுமா, இன்ன தொழில்நுட்பத்தில் மூன்றாண்டு உண்டா என்பவை அவை. பயிற்சி நிலையத்தில் பல ஆயிரம் கொடுத்து விண்ணப்பத்தை மெருகேற்றியவர்கூட இந்தக் கேள்விகளை அவசரத்தில் சொடுக்கிவிட்டுப் போகிறார். புதிதாகப் படித்து முடித்த தமிழக மாணவருக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழகக் கல்லூரிகளில் 'அரியர்' எனப்படுவது ஹைதராபாத்தில் 'பேக்லாக்'. 'ஆக்டிவ் பேக்லாக்' உண்டா என்ற கேள்வி இன்னும் தேறாமல் நிற்கும் தாள்களை மட்டுமே குறிக்கிறது. எப்போதோ விழுந்து அடுத்த பருவத்திலேயே தேறிய ஒரு தாளை நினைத்து 'ஆம்' என்று சொடுக்கும் நேர்மையாளரின் விண்ணப்பத்தை அதற்குமேல் யாரும் திறப்பதில்லை.

நிபந்தனைகள் எவ்வளவு பொருந்தாமல் போடப்படுகின்றன என்பதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்சரும் இணைந்து 2021 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சான்று. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவன நிர்வாகிகளிடம் நடத்திய அந்த ஆய்வில், உயர்திறன் பணிகளுக்குத் தகுதியுள்ள விண்ணப்பதாரர்கள் பணி விவரத்தின் நிபந்தனைகளோடு அச்சு அசலாகப் பொருந்தாத காரணத்தால் கழித்துக்கட்டப்படுவதாக 88 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். மருத்துவமனைகள் நோயாளியின் விவரத்தைக் கணினியில் பதியத் தெரிந்த செவிலியரைத் தேடும்போது 'கணினி நிரலாக்கம்' என்ற தகுதியை நிபந்தனையாக வைத்திருந்ததையும் அந்த ஆய்வுக்குத் தலைமை வகித்த ஜோசப் ஃபுல்லர் சுட்டிக்காட்டினார். ஆறு மாதத்துக்கு மேல் வேலை இடைவெளி உள்ளவர்களை ஏறத்தாழப் பாதி நிறுவனங்கள் வடிகட்டின என்பது அதே ஆய்வின் இன்னொரு செய்தி. பிள்ளைப்பேற்றுக்கோ பெற்றோரைக் கவனிக்கவோ வேலையை விட்ட பெண்கள் இதில் முதலில் விழுவார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. இடைவெளியை மறைக்கத் தேதிகளை அழிப்பதைவிட, அந்தக் காலத்தையும் ஒரு பதிவாக, காரணத்தோடும் அதில் கற்றதோடும் எழுதிவிடுவது மேல். தேதி இல்லாத அனுபவத்தைப் பார்சர் பூஜ்யமாகக் கணக்கிடக்கூடும்.

குறிச்சொற்களைப் பற்றிய அறிவுரைகளில் பதரும் மணியும் கலந்திருக்கின்றன. பணி விவரத்தில் உள்ள சொல்லையே விண்ணப்பத்திலும் ஆள வேண்டும் என்பது மணி. நிறுவனம் 'ஏ.டபிள்யூ.எஸ்.' என்று தேட, விண்ணப்பத்தில் 'அமேசான் வெப் சர்வீசஸ்' என்று மட்டும் இருந்தால், சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் பழைய மென்பொருள் இரண்டையும் இணைக்காது. ஆகவே முழுப்பெயரையும் சுருக்கத்தையும் ஒருமுறையாவது சேர்த்து எழுதுவது நல்லது. எந்தச் சொல்லுக்கு எடை உண்டு என்பதை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் வகுத்த கோட்பாடு விளக்குகிறது: தொகுப்பிலுள்ள எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லே பிரித்துக் காட்டும். தேடல் மென்பொருள்களின் அடித்தளமாகிய இந்தக் கணக்கின்படி 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து பணியாற்றுபவர்' என்பவை எல்லா விண்ணப்பங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ எடையற்றவை. 'பல திட்டங்களில் சிறப்பாகப் பணியாற்றினார்' என்ற பொருள்பட எழுதுவதை விட்டு, மருத்துவமனை ஒன்றின் நோயாளர் பதிவுச் சேவையை ஜாவாவிலும் ஸ்பிரிங் பூட்டிலும் எழுதியதாகவும், எஸ்.க்யூ.எல். வினவல்களைத் திருத்தி மறுமொழி நேரத்தை நான்கு நொடியிலிருந்து ஒரு நொடியாக்கியதாகவும், உண்மையிலேயே செய்திருந்தால், எழுதும்போது மென்பொருளுக்கு வேண்டிய சொற்களும் மனிதருக்கு வேண்டிய செய்தியும் ஒரே வாக்கியத்தில் அமைகின்றன. தந்தை பெயர், மணநிலை, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி ஆகியவை இப்போது தேவையில்லை. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் குறிச்சொற்களை ஒளித்துவைக்கும் தந்திரம் சுத்தப் பதர்; பார்சர் நிறத்தைக் களைந்து எழுத்தை மட்டும் எடுப்பதால், ஒளித்த சொற்கள் ஆள்சேர்ப்பாளரின் திரையில் கறுப்பாகவே வந்து நிற்கும்.

'உண்மையிலேயே செய்திருந்தால்' என்ற நிபந்தனை ஹைதராபாத்தில் வெறும் நன்னெறி அன்று. சொற்களைப் பொருத்தியே ஆள் தேடும் சந்தையில், அந்தச் சொற்களுக்கு உரிய அனுபவத்தையே விலைக்கு விற்கும் கன்சல்டன்சிகள் முளைத்தன. இல்லாத நிறுவனத்தின் சம்பளச் சீட்டும் அனுபவச் சான்றிதழும் தயாரித்தவர்கள்மீது நகரக் காவல்துறை பலமுறை நடவடிக்கை எடுத்திருக்கிறது. இதை எதிர்பார்த்தே மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பாகிய நாஸ்காம் 2006இல் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் பின்னணியைச் சரிபார்த்துப் பதிந்துவைக்கும் தேசியத் திறன் பதிவேட்டைத் தொடங்கிற்று. அதைவிட வலிய சோதனை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வருங்கால வைப்புநிதி நிறுவனம் 2014இல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் வாழ்நாள் முழுமைக்கும் ஒரே கணக்கு எண்ணாகிய யூ.ஏ.என். வழங்கத் தொடங்கியதிலிருந்து, எவர் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்து எந்த மாதம் விலகினார் என்பது அரசின் பதிவிலேயே கிடைக்கிறது. ஆறுதலுக்காகத் தேதியை இரண்டு மாதம் நீட்டி எழுதியவர்கூட, வேலை கிடைத்தபின் நடக்கும் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு அதை இழக்க நேர்கிறது.

சொற்பொருத்தத்தைத் தாண்டி, யார் நல்ல ஊழியராவார் என்று தானே கற்று மதிப்பிடும் மென்பொருள்கள் வந்தபோது சிக்கல் வேறு வகையாயிற்று. அமேசான் 2014 முதல் உருவாக்கிப் பார்த்த அத்தகைய கருவி, பத்தாண்டுக் காலத்தில் வந்த, பெரும்பாலும் ஆண்களுடைய விண்ணப்பங்களிலிருந்து பாடம் கற்றதால், 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களுக்கு மதிப்பைக் குறைத்தது என்றும், அதனால் அது கைவிடப்பட்டது என்றும் 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மனிதர்கள் மட்டுமே படித்த காலம் பொற்காலம் என்றும் கொள்வதற்கில்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் பெயர்களில் இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பி, பின்னிரு பெயர்களுக்கும் அழைப்புக் குறைவாக வந்ததை 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் எழுதினர். மனிதர்கள் எடுத்த அத்தகைய முடிவுகளையே பாடமாக எடுத்துக்கொள்ளும் எந்திரம் வேறொன்றைக் கற்றுக்கொள்ள வாய்ப்பில்லை. நியூயார்க் நகரம் இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கைக்கு உட்படுத்தும் சட்டத்தை 2023 ஜூலையிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. முழுவதும் தானியங்கி முறையில் எடுக்கும் முடிவுக்கு ஆட்படாதிருக்கும் உரிமையை ஐரோப்பியச் சட்டம் தருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தன்னைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமை உண்டு. எந்திரம் ஏன் தள்ளியது என்று கேட்கும் உரிமை இல்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, பணி விவரத்தைக் கொடுத்து அதற்கேற்ற தன்விவரக் குறிப்பை நொடியில் எழுதி வாங்குவது எளிதாகிவிட்டதால், எல்லா விண்ணப்பங்களும் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்துகின்றன. எல்லாரும் பொருந்தும்போது பொருத்தத்துக்கு மதிப்பில்லை. ஆள்சேர்ப்பாளர் பழைய அடையாளங்களுக்கு, அதாவது கல்லூரியின் பெயருக்கும், முன்பு வேலைபார்த்த நிறுவனத்தின் பெயருக்கும், உள்ளிருக்கும் ஊழியர் ஒருவரின் பரிந்துரைக்கும் திரும்புகிறார். ரெஃபரல் எனப்படும் இந்தப் பரிந்துரை மென்பொருளைச் சுற்றிக்கொண்டு போகும் வழி என்று பலர் நினைப்பது சரியன்று. பரிந்துரைக்கப்பட்டவரின் விண்ணப்பமும் அதே ஏ.டி.எஸ்.ஸில் அதே பார்சர் வழியாகத்தான் நுழைகிறது. அதன்மேல் 'ரெஃபரல்' என்ற குறி மட்டும் கூடுதலாக ஒட்டப்படுகிறது. நூற்றுக்கணக்கான பெயர்கள் நிற்கும் திரையில் ஆள்சேர்ப்பாளர் பெரும்பாலும் முதலில் சொடுக்கும் வடிகட்டி அதுவாகவே இருக்கிறது.